கேட்காமலே அடக்கிய குரல்

போன வருடம் ஐப்பசி மாதம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. மலை கண்ணுக்குத் தெரியாதபடி நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளின் நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தும், எனக்கு அந்த மயக்கம் தெளியவில்லை. வேலை ஓய்ந்த மதியங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போனில் எடுத்த வீடியோக்களை ஒட்டி ஒரே படமாக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் போட்டுக்காட்ட ஆசை.

படம் பளிச்சென்று இருந்தது, சத்தம்தான் சரியில்லை. மண்டபத்து ஃபேன் இரைச்சல், பாத்திரச் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே என் கணவர். இருபத்தைந்து வருடமாக ஸ்பின்னிங் மில்லில் வேலை. மெஷின் ஓடும்போது அங்கே உதட்டசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே பேசாததையெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்த்துப் பேசுவார் மனிதர். தண்ணீர் கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர்கூடச் செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்! காதும் கொஞ்சம் மந்தம். சம்பந்தி வீட்டாரோ அதிர்ந்து பேசாதவர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

எடிட்டிங் ஆப்பில் சத்தம் அலை அலையாகத் தெரியும். இரைச்சலைக் குறைக்கும் பட்டனைத் தட்டியதும் ஃபேன் போய்விட்டது. அலை உயர்ந்து நின்ற இடமெல்லாம் அவர்தான் என்று தெரியும். என்ன பேசுகிறார் என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, மேலே மெல்லிசாகப் புல்லாங்குழல் போட்டேன். தண்ணீருக்குள் நடப்பதுபோல எல்லோரும் அழகாக மிதந்தார்கள். நானே சொக்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போட்டோம். சினிமா மாதிரி இருக்கிறது என்று சம்பந்தியம்மா இரண்டு தரம் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் அப்படி ஓர் அமைதி. அவர் பேசவே இல்லை. அப்பாடா என்று இருந்தேன், என் புத்தி அவ்வளவுதான். நான்காம் நாள் மதியம், சாப்பிட்ட தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, கல்யாணம் முடியுற வரைக்கும் யாருட்டயும் சொல்லிராத. என் காது போயிட்டு. மத்தவிய பேசுறது அரைகுறையா விழுறது பழகிப்போச்சு. டி.வி.யில என் வாய் அசையுது, என் சத்தமே எனக்குக் கேக்கல."

மூன்று நாளாகக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்தப் புல்லாங்குழல் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

சத்தத்தை இறக்கியது நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் வெட்கமாக இருந்தது என்று அதையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அம்புட்டுச் சத்தமாவாட்டி பேசுறேன்?" என்று மட்டும் கேட்டார்.

போனை எடுத்து, இறக்கியதையெல்லாம் பழையபடி ஏற்றி, அவர் காதோரம் பிடித்தேன். பந்தி நடக்கிற இடம். தூரத்தில் நான் தாம்பாளத்தோடு நிற்கிறேன். அவர் பரிமாறுகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறார்.

"எம் பொண்டாட்டி காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அவளை முதல்ல உக்காரவச்சு எல போடுங்கப்பா."

தன் குரல் கேட்டுவிட்ட நிம்மதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அன்று யாரோ வந்து என் கையைப் பிடித்து இலை முன்னால் உட்காரவைத்தது ஞாபகம் வந்தது. சம்பந்தி வீட்டார்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, அவர்கள் பண்பைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் கத்தியது அன்றைக்கும் என் காதில் விழுந்துதான் இருக்கும். வழக்கம்போலக் கத்துகிறார் என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

பிறகு டாக்டரிடம் காட்டி, இடது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறோம். இப்போதும் வீடியோ எடிட் செய்கிறேன், ஃபேன் இரைச்சலைக் குறைக்கிறேன். ஆனால் அவருடைய அலை உயர்ந்து நிற்கும் இடம் வந்தால் கை நின்றுவிடுகிறது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் எனக்காக இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ, அத்தனையையும் கேட்காமலே விட்டுவிட்டேனே.