என் பெயரைத் தப்பாக எழுதிய கள்ளி

சப்பாத்திக் கள்ளியின் சுணை விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. சோறு பிசையும்போதுதான் சுருக்கென்று குத்தும்.

இன்று மதியம் மீன் ஆணம் ஊற்றிய சோற்றில் கைவைத்ததும் குத்தியது... அப்படியே இருபது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

லப்பைக்குடிக்காட்டுக்கு வாழ வந்த புதுசு. என் வீட்டுக்காரர் சபுராளி. வளைகுடாவில் வேலை பார்ப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் முடிந்த நாற்பதாவது நாள் ஃப்ளைட்.

கிளம்புவதற்கு முன் பெரம்பலூரிலிருந்து ஒரு ரோஜாச் செடி வாங்கி வரச் சொன்னேன். மனுஷன் ஓடைக்கரையிலிருந்து ஒரு கள்ளி மடலை அறுத்துக்கொண்டு வந்தார்!

"என்ன மச்சான் இது?"

"ரோசா வாடிப்போச்சுன்னா நீ உக்காந்து அழுவே. இது எதையும் கேக்காது புள்ள. நான் வர்ற வரைக்கும் அதுபாட்டுக்கு நிக்கும். தண்ணி மட்டும் ஊத்திராத."

காம்பவுண்டு ஓரம் நட்டார். ஒரு முள்ளைப் பிடுங்கி, மடலில் என் பெயரைக் கீறினார்.

சுபைதா.

"என் பேரு ஜுபைதா. பொண்டாட்டி பேரு கூடவா தெரியாது?"

"முள்ளுல ஜு வளைக்க வராது. சுபைதான்னு கூப்புட்டாலும் திரும்பத்தானே போறே?"

போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றாதே என்றால் எப்படி? அவர் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு டம்ளர் ஊற்றினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஞாபகம் வரும்... புதுப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டே மாதம். அடி மெத்துமெத்தென்று அழுகி, மடல் குப்புறச் சாய்ந்துவிட்டது. 'சுபைதா' மண்ணில் கிடந்தாள். யா அல்லாஹ்... அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆடு மேய்க்கும் பொன்னம்மா அக்கா காலில் விழாத குறையாக இன்னொரு மடல் கேட்டேன். கொண்டு வந்து கொடுத்தார்.

"இந்தா தாயி, ஒடனே நட்டுறாத. அறுத்த வாய் காயணும். ஒரு வாரம் நெழல்ல போட்டு வையி."

அந்த ஒரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு நட்டேன். முள்ளெடுத்து, அழகாகப் பெயரைக் கீறினேன். வேர் பிடித்ததும் என் தம்பி போட்டோ எடுத்தான். ஊருக்கு வந்துவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பிய ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்பினோம்.

போட்டோ கிடைத்ததும் போனில் கேட்டார்.

"கள்ளி நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மச்சான்."

"தண்ணி ஊத்தலையே?"

"சத்தியமா இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். பெட்டியை இறக்கிய கையோடு கள்ளியிடம் போனார். சிவப்பாகப் பழுத்திருந்தது. ஒரு பழத்தைத் தரையில் தேய்த்துப் பிளந்து, உள்ளே இருந்த நட்சத்திர முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு என் வாயில் வைத்தார்.

"போட்டோ பாத்தப்பவே தெரிஞ்சிட்டு. இது நான் நட்டது இல்ல."

"எப்படி?"

"ஜு போட்டிருக்கியே!"

தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் தினமும் பார்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை எழுது என்றால் கை சரியாகத்தானே எழுதும்!

"அப்பவே ஏன் கேக்கல?"

"அழுகிப்போற அளவுக்குத் தண்ணி ஊத்தியிருக்கே. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

வாயெல்லாம் சிவப்பாக, நின்ற இடத்திலேயே அழுதேன். அவர், மேலே முளைத்த மடலில் மறுபடி 'சுபைதா' என்று கீறினார்.

இப்போது கள்ளி காம்பவுண்டுக்கு மேலே நிற்கிறது. அடி மடல்கள் இறுகிப் பட்டை கட்டிவிட்டன. ஜுபைதாவும் இல்லை, சுபைதாவும் இல்லை. மச்சான் இன்னும் அங்கேதான். "அடுத்த வருஷம் விசா கேன்சல்ல மொத்தமா வந்துடுறேன் புள்ள, இன்ஷா அல்லாஹ்." இதைப் பல வருஷமாகக் கேட்கிறேன்.

வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கிறோம். "சாப்புட்டியா?" "சாப்புட்டேன்." அவ்வளவுதான். கடிதம் கிடையாது, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்.

ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஆதார்... எல்லாவற்றிலும் என் பெயர் சரியாக இருக்கிறது. தப்பாக எழுதத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துப் போய்க் கள்ளிக்கு ஊற்றினேன்.

மரமாகிவிட்டது. இனி அழுகாது.