ஓரத்தில் எழுதிய ஒரு சொல்

எழுபதுகளின் பிற்பகுதியில், போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களுக்காக இயங்கிய சிறிய சங்கம் ஒன்றில், பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டம் பெற்றவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒரு செய்தி அச்சானால் அதன் விளைவு யாரையெல்லாம் தொடும் என்று யோசித்தே எழுதுகிறவன் என்ற எண்ணமும் என்னைப் பற்றி எனக்கு இருந்தது.

அப்போது எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களுக்குக் காலையில் ஒரு பஸ் வேண்டும். எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் இருபது பேர் போனார்கள். இடம் கிடைக்காதவர்கள் பின்புறக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். ராசிங்காபுரத்து அக்கா ஒருவர் அப்படித் தொங்கியபடி போகையில், ஒரு வளைவில் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு நிருபரைத் தேடிப் போனேன்.

மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் ஊரிலிருந்து செய்தி அனுப்பிய அவருக்கு, பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை இருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவர். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அண்ணே, 'சொல்லொணாத் துயரம்'னு எழுதியிருக்கீக. சொல்ல முடியாதுன்னா அப்புறம் எதுக்குண்ணே என் கடைக்கு வந்தீக?"

என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கோவிச்சுக்கிறாதீக. மதுரையில எனக்கு விடுற எடம் ஒரு சாண். நாலு மணி பஸ்சுல கண்டக்டர் கையில கவரைக் குடுத்துறணும். யாரு விழுந்தது, எங்க, என்னைக்கு, இப்பக் கையி எப்படி இருக்கு? அம்புட்டுத்தேன்."

'நூற்றுக்கணக்கான பெண்கள்' என்ற இடத்தில் விரலை வைத்தார். "எண்ணுனீகளா?"

எண்ணியிருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் இருவரும் ஜீப்புகள் புறப்படும் இடத்தில் நின்று எண்ணினோம். மொத்த எண்ணிக்கை நான் எழுதியதைவிடக் குறைவுதான். ஆனால் கடைசி ஜீப்பில் மட்டும் இருபத்திரண்டு பேர் ஏறியதைப் பார்த்தபோது, என் நான்கு பக்கங்களுக்கும் அவசியமே இருக்கவில்லை என்று தோன்றியது. ஒரே தாளில் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அன்று நான்கு மணிக்குக் கவர் போனது.

மகிழ்ச்சியோடு சைக்கிளை மிதித்து ராசிங்காபுரம் போனேன். அந்த அக்கா மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையை மடியில் கிடத்தியிருந்தார்.

"அக்கா, நாளைக்குப் பேப்பர்ல உங்க பேரு வருது."

"எம் பேரா? யாரைக் கேட்டுப் போட்டீக தம்பி?"

கட்டுப் போட்ட கையைச் சற்றே தூக்கிக் காட்டினார்.

"ஜீப்புக்காரன்தேன் வேலைக்கு ஆளையும் எடுக்குறான். கையி கூடுனதும் நான் அதுலதேன் ஏறணும். பஸ்சு என்னைக்கு வருமோ. பேரு வந்துச்சுன்னா என்னைய எவன் ஏத்துவான்?"

அவர் கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அரசு என்ன நினைக்கும், ஜீப் உரிமையாளர்கள் என்ன செய்வார்கள், சங்கத்துக்கு என்ன வரும் என்றெல்லாம் எடை போட்டிருந்த நான், பெயருக்கு உரியவரை மறந்திருந்தேன்.

திரும்பி வந்து சொன்னபோது நிருபர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "கேட்டிருப்பீகன்னுல்ல நெனச்சேன்," என்றார். பிறகு, "பஸ்சு இந்நேரம் உசிலம்பட்டியத் தாண்டியிருக்கும். வாங்க, வெரசா," என்று தபால் நிலையத்துக்கு நடந்தார்.

மதுரைக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு பெஞ்சில் காத்திருந்தோம். மணி அடித்ததும் எழுந்து போய்ப் பேசினார்.

"சார், அந்தப் பேரை மட்டும் எடுத்துருங்க சார்... இல்ல சார், செய்தி நெசந்தேன். கேக்காமப் போட்டது என் தப்பு சார்."

வெளியே வந்ததும், "தப்பு என்னுதுதானே தம்பி?" என்றேன்.

"உங்க தப்புன்னு சொன்னா நாளப்பின்ன நீங்க எது கொண்டாந்தாலும் அங்க சந்தேகப்படுவாக. என்னைய இன்னும் ரெண்டு தடவை நம்புவாக, விடுங்க."

காலையில் ஆறு வரிகள் வந்திருந்தன. 'பெண் தொழிலாளி ஒருவர்' என்று மட்டும் இருந்தது. கை கூடியதும் அந்த அக்கா அதே ஜீப்பில் வேலைக்குப் போனார். "விழுந்தது யாருன்னு பேப்பர்காரனுக்கே தெரியலையாமுல்ல, அப்படின்னு சொல்லி ஜீப்புக்காரன் சிரிக்கிறான் தம்பி. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்," என்றார்.

அதற்குப் பிறகு நான் கொண்டுபோன ஒவ்வொரு தாளிலும், பெயர் வரும் வரிக்கு நேரே ஓரத்தில் 'கேட்டேன்' என்று எழுதினேன். அந்தச் சொல் இல்லாத தாளை அவர் கவருக்குள் வைப்பதில்லை. மூன்று மணிக்கு மேல் அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்பதை நானாகவே வழக்கமாக்கிக்கொண்டேன். செய்தி இல்லாத நாட்களிலும் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். முதல் ஜீப்பைப் பிடிக்கப் பெண்களே ஒருவரை ஒருவர் தள்ளுவதும் உண்டு என்று, எங்களுக்குச் சாதகமில்லாததையும் சொன்னேன். அதையும் அவர் அனுப்பினார். அச்சில் வந்தபோது சங்கத்தில் எனக்குத் திட்டு விழுந்தது. அவருடைய அடுத்த கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

அடுத்த ஆண்டு பறிப்புக் காலத்தில் காலை பஸ் வந்தது. அதற்கு எங்கள் ஆறு வரிகள் எவ்வளவு காரணம் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் மாலை அந்த அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சைக்கிள் கடைக்கு வந்தார்.

"இப்பப் போடுங்க தம்பி எம் பேரை. போன வருசம் விழுந்தவ இன்னைக்குச் சன்னலோரமா உக்காந்து போனான்னு போடுங்க."

நிருபர் தன் பேனாவை என்னிடம் நீட்டினார். எழுதி முடித்து, ஓரத்தில் 'அவரே கேட்டார்' என்று குறித்தேன்.

பின்னர் அந்த அக்கா குடும்பத்தோடு மலைக்கு அப்பால் குடிபோய்விட்டார். அந்தப் பெயரை இங்கேயும் எழுத எனக்கு ஆசைதான். எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை.