முன்வண்டிக்காரி

காரமடைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சுற்றுலா வருகிறவர்களை நாலு சக்கர பைக்குகளில் காட்டுக்குள் கூட்டிப்போகும் முகாம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளென்றால் கோவையிலிருந்து கார்கள் வந்துகொண்டே இருக்கும். வந்து இறங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கைடு எங்கீங்க?" என்பதுதான். பெரும்பாலும் அதை அன்புக்கரசியிடமே கேட்பார்கள்.

"நாந்தானுங்க."

"நீங்களா? இல்லைங்க, காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறவரு..."

"கூட்டிட்டுப் போறதும் நாந்தானுங்க, பத்திரமாக் கூட்டியாரதும் நாந்தானுங்க. ஹெல்மெட்டப் போடுங்க. முடி கலைஞ்சா வந்து சீவிக்கலாம்."

கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முன்வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

முன்வண்டி! அந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சமா? பிறந்த நாளிலிருந்து அவள் யாருக்காவது பின்னால் நடந்தவள். அவள் தாய் பாவாத்தாள், லட்சுமணசாமி என்ற நிலக்காரப் பண்ணாடியின் தோட்டத்தில் கூலி வேலை செய்தவள். பண்ணாடி வரப்பில் முன்னே நடப்பார். அவருக்குப் பின்னால் ஆட்கள், ஆட்களுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் தாயின் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு அன்புக்கரசி. பிறகு சின்னானைக் கட்டிக்கொண்டாள். வாழைத்தார் ஏற்றும் சரக்கு ஆட்டோ வைத்திருந்த நல்ல மனுஷன். அவன்தான் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தான். மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. அழுது முடித்த கையோடு அவள் அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டில் பெண்குழந்தை இருந்ததே, என்ன செய்வாள்?

ஒருநாள் வாழைத்தார் பாரத்தோடு செங்குத்தான சறுக்கலில் அவள் ஆட்டோவைப் பின்னோக்கியே மேலேற்றியதை முகாமின் முதலாளி ரவிக்குமார் பார்த்துவிட்டு, மறுவாரமே வேலைக்குக் கூப்பிட்டார். சில மாதங்களில் முன்வண்டி அவளுடையதாயிற்று. துடியலூரில் நர்சிங் படிக்கும் மகள் கயல்விழியிடம் தோழிகள், "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "எங்கம்மாவா? எல்லாத்துக்கும் முன்னால போறவங்க" என்பாளாம். மகள் அதைப் போனில் சொன்ன அன்று, அன்புக்கரசி சமையலறையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

காட்டுக்குள் போகும் வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. முன்வண்டியை யாரும் முந்தக் கூடாது. அவள் கையை உயர்த்தினால் எல்லாரும் நிற்க வேண்டும். அடுத்த வண்டிக்காரர் தன் கையை உயர்த்த, அதைப் பார்த்து அதற்கடுத்தவர் உயர்த்த, இப்படியே அது கடைசி வண்டிவரை போய்ச் சேர வேண்டும். கடைசியில் வருவது அவளிடம் வேலை கற்ற ரூபன்.

"எனக்குப் பொறகால ஆருமே இல்லையேக்கா, நான் ஆருக்குக் கை காட்டறது? கொரங்குக்கா?" என்று ஆரம்பத்தில் கேட்டான்.

"எனக்குடா. உன்ற கை தெரிஞ்சாத்தான் வரிசை முழுசா நின்னிருச்சுன்னு நான் அடுத்த வேலையப் பாக்க முடியும்."

அதன்பிறகு ஒரு நாளும் அந்தக் கையைப் பார்க்காமல் அவள் நகர்ந்ததில்லை.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. லட்சுமணசாமி தன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பைக்குகள் ஓடும் பாதையில் பாதி அவருடைய நிலம். ரவிக்குமார் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதனால் வாசலுக்கே ஓடி வந்து கும்பிட்டார். தாராபுரத்திலிருந்து வந்த மச்சினரும், பேத்தி ரித்திகாவும் கூட இருந்தார்கள். ரித்திகாவுக்குத் தனியாக ஓட்டும் வயதில்லை.

"நான் இந்த அக்கா பொறகாலதான் உக்காருவேன்!" என்று ஓடிவந்து முன்வண்டியில் தொற்றிக்கொண்டாள்.

லட்சுமணசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பாத்துக்குங்க அம்மணி. வாலு அது. ஆமா, உங்களுக்கு எந்த ஊருங்க?"

தலைக்கவசத்துக்குள் அன்புக்கரசியின் முகம் அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இதே ஊருதானுங்க. பாவாத்தாள் மகளுங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம தோட்டத்துல களை புடுங்குவாளே, அந்தப் பாவாத்தாளா? அவ மகளா நீ?"

ஒரு நொடிக்கு முன்பிருந்த 'நீங்க' எங்கே போனதோ!

தாராபுரத்து மச்சினருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "மச்சான், உங்க வண்டி அதுக்கு அடுத்தாப்பலயாமா. பாவாத்தா மக டயரு தெறிக்கற சேத்தையெல்லாம் நீங்கதான் மூஞ்சில வாங்கோணும். வாயை மூடிக்கிட்டு வாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். லட்சுமணசாமியும் சிரித்தார். ஆனால் தலைக்கவசத்தை மாட்டும்போது அவர் விரல்கள் வாரைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தன.

வண்டிகள் புறப்பட்டன. ஈர மண் வாசனை, இருபுறமும் நனைந்த முள்மரங்கள், தூரத்தில் மேகத்துக்குள் பாதி மறைந்த மலை. ரித்திகா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, இந்தக் காட்டுல வழியெல்லாம் எப்புடித் தெரியும் உங்களுக்கு?"

"இது முந்தி கடலைக்காடு கண்ணு. எங்கம்மா இங்க களை எடுக்கும். நான் அந்த வேப்பமரத்தடியில தொட்டில்ல தூங்குவேன்."

"அப்ப இது உங்க காடா?"

"உங்க தாத்தாவுது."

குழந்தை ஏதோ யோசித்தாள். பிறகு, "ஆனா தாத்தாவுக்கு வழி தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள். அன்புக்கரசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவள் தாய் வாழ்நாள் முழுவதும் குனிந்து கிடந்தாளோ?

பள்ளம் வந்தது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் மணல் ஓடை. அங்கே வழக்கமாகவே எல்லாரும் நிற்க வேண்டும். அவள் இறங்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வண்டியாக அனுப்புவாள். அன்றைக்குக் கரையே அரித்துப் போயிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கையை உயர்த்தினாள்.

லட்சுமணசாமியின் கை உயரவில்லை. அவர் வண்டியின் உறுமல்தான் உயர்ந்தது.

"நில்லுங்க! பண்ணாடி, நில்லுங்க!"

"என்ற காட்டுல நீ எனக்குக் கை காட்டறயா?"

சேற்றை வாரி அவள்மேல் இறைத்தபடி வண்டி முந்திக்கொண்டு போயிற்று. அடுத்த கணம் கரை சரிந்தது. வண்டி குட்டிக்கரணம் போட்டு அவர்மேல் விழுந்தது. ரித்திகாவின் அலறலில் காடே நடுங்கியது.

அன்புக்கரசி பாய்ந்தாள். முழங்காலளவு தண்ணீரில் நின்று, வண்டியைத் தோளால் முட்டித் தூக்கினாள். ஓடிவந்த ரூபன் அவரை வெளியே இழுத்தான். அவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. அவர் தலையை மடியில் ஏந்தி, வாயில் தண்ணீர் விட்டாள். எந்த மடி, எந்தத் தண்ணீர் என்று அப்போது அவர் கேட்கவில்லை. அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "உட்டுறாத அம்மணி, உட்டுறாத," என்று முனகினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளும் விடவில்லை.

அவர் தோளில் கட்டோடு வீடு திரும்புவதற்குள், ஊரில் வேறு கதை நடமாடியது. கைடு பெண் தப்பான வழியில் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டாளாம். பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தானாம். பள்ளத்துக்குப் பக்கத்திலேயே வராதவர்களெல்லாம் கண்ணால் பார்த்ததுபோல் சொன்னார்கள்.

ரவிக்குமார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர்தான். அதுதான் கொடுமை.

"நீ கை காட்டினது எனக்குத் தெரியும் அம்மணி. ரூபனுக்குத் தெரியும். அவுருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது சொல்லு? குத்தகையை நிறுத்திப்போடுவேங்கறாரு. பாதி வழி போச்சுன்னா முகாமே இல்ல."

"நான் என்னங்க பண்ணோணும்?"

"அவுரு ஊட்டுக்குப் போயி, தப்பு என்ற மேலதானுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துரு. முன்வண்டி உனக்குத்தான். அதுக்கு நானாச்சு."

வீட்டில் பாவாத்தாள் முழுவதையும் கேட்டாள். வயதில் தளர்ந்த உடம்பு. குரல் மட்டும் தளரவில்லை. "போயிட்டு வா புள்ள. நான் செய்யாத தப்புக்கு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்! என்ற நாக்கு தேஞ்சா போச்சு?"

"உன்ற நாக்குத் தேயலம்மா," என்றாள் அன்புக்கரசி. "என்றது தேயுது."

ஆனாலும் போனாள். கணவனின் சாவிலும் விடாத ஸ்டீரிங்கை ஒரு வார்த்தைக்காக விடுவதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வரவேற்பறையில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாராபுரத்து மச்சினரும் இருந்தார். அவர்கள் கைகளில் எவர்சில்வர் டம்ளர்களில் காபி ஆவி பறந்தது. அவளுக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. அவள் கதவோரம் நின்றபடி குடித்தாள்.

"தப்பு என்ற மேலதானுங்க. பள்ளத்துல வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுட்டேனுங்க. மன்னிச்சுப்போடுங்க."

மச்சினர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா மச்சான்? நான் அன்னைக்கே சொல்லல?"

அவர் அன்று சொன்னது வேறு என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் காபியை உறிஞ்சினார்கள். உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரே ஒருத்தி ஓடி வந்தாள்.

"பொய்யி! அக்கா கை காட்டினாங்க தாத்தா! நான் அவங்க பொறகாலதானே உக்காந்திருந்தேன்? நில்லுங்க நில்லுங்கன்னு கத்துனாங்க. சொல்லுங்கக்கா, நீங்கதானே கை காட்டினீங்க?"

ரித்திகா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தில் உயர்ந்த அதே கை.

லட்சுமணசாமி அன்புக்கரசியையே பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். நிதானமாகக் கேட்டார்.

"சொல்லு அம்மணி. புள்ள கேக்குதுல்ல? காட்டினயா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்துவிட்டது. கூடவே முகாம் வாசலில் நிற்கும் முன்வண்டியும் வந்தது. 'எல்லாத்துக்கும் முன்னால போறவங்க' என்ற மகளின் குரலும் வந்தது. அந்தக் குரலைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று நினைத்தாள் பாவி மகள்.

"இல்ல கண்ணு," என்றாள். "அக்கா காட்டல. பயத்துல நீ தப்பாப் பாத்திருப்ப."

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் நீர் இல்லை. மெல்லத் தன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

லட்சுமணசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி போ. ரவிக்குமாருகிட்ட நான் சொல்லிப்போடறேன். வேலையில இருந்துக்கோ, வயித்துல அடிக்கற ஆளு இல்ல நானு. ஆனா முன்னால போறதெல்லாம் வேண்டாம். உன்ற வாயாலயே தப்புன்னு ஒத்துக்கிட்ட. பொறகால வந்தாப் போதும்."

அவள் காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். என்ன சொல்வாள்? சொல்ல வேண்டியதைத்தான் சற்றுமுன் ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராகக் கொன்றுவிட்டாளே!

முகாமில் ரவிக்குமார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கொஞ்ச நாளைக்கு மட்டும் அம்மணி. எல்லாரும் மறக்கட்டும்." முன்வண்டியின் சாவி ரூபனிடம் இருந்தது. அவன் அதை நீட்டி, "நீங்களே எடுத்துக்குங்கக்கா, நான் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றான். அவன் மனைவி நிறைமாதம். அன்புக்கரசி சாவியை அவன் உள்ளங்கையிலேயே வைத்து மூடிவிட்டாள்.

கொஞ்ச நாள் என்றது மாசியைத் தாண்டிப் பங்குனிக்கும் போயிற்று. காடு காய்ந்து, பாதையெல்லாம் புழுதியாகிவிட்டது. வரிசையில் கடைசியில் வருகிறவர்களுக்கு மலையும் தெரியாது, மரமும் தெரியாது. முன்னே போனவர்கள் கிளப்பிய மண்தான் தெரியும். பல்லில் நறநறக்கும்.

ஒரு ஞாயிறு காலை, புறப்படும் நேரத்தில் கயல்விழி போன் செய்தாள்.

"என்னம்மா, இன்னைக்கும் முன்வண்டிதானே?"

"ஆமா கண்ணு. கூட்டம் நிக்குது, வெச்சரட்டுமா?"

போனை வைத்துவிட்டுக் கைக்குட்டையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடைசி வண்டியில் ஏறினாள்.

பள்ளத்தருகே முன்னால் ரூபன் கையை உயர்த்தினான். அடுத்தவர் உயர்த்தினார். ஒவ்வொரு கையாகப் புழுதிக்குள் எழுந்து அவளை நோக்கி வந்தது. அவளும் தன் கையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் யாருமில்லை. அவளுடைய பழைய கடலைக்காடு மட்டும் வெயிலில் கிடந்தது.

கடைசிக் கையைப் பார்த்த பிறகுதான் முன்வண்டிக்காரன் நகர வேண்டும். அவள்தான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் ரூபனால் அவள் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குனிந்த தலையோடு பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொரு வண்டியாக அக்கரைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டான்.

அன்புக்கரசி கையைத் தாழ்த்தவில்லை. முன்னிருந்த வண்டியும் இறங்கிப் போன பிறகும் அது அப்படியே உயர்ந்து நின்றது.