ஊதிப் பார்த்த துவக்கு

என் வாயால்தான் மாமா ஆஸ்திரேலியாவுக்கு வராமல் போனார் என்று எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லட்டும். சொன்னால் நான் மறுக்க மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். பத்து வயதில் கேட்காத மன்னிப்பை இந்த வயதிலா கேட்கப் போகிறேன்?

அது எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிறவர். மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் இயந்திர வேலை படித்துவிட்டு, வேலை இல்லாமல், வாரம் ஒரு நீல விமானக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் இங்கே வருவதற்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. இன்னாருக்கு எங்களிடம் வேலை இருக்கிறது என்று ஒரு நிறுவனம் எழுதித் தர வேண்டும். அப்பாவின் மேலதிகாரி கையொப்பம் போடுவதாக ஒத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அப்பாவே தட்டெழுதி, உறையில் இட்டு, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் திரிந்தார். கடைசியில் மேலதிகாரி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வா, சாப்பாட்டுக்குப் பிறகு கையொப்பம் போட்டுத் தருகிறேன் என்றாராம். அவர் வீடு கிளென் வேவர்லியில். எங்களுக்குக் காலை ஏழு மணியிலிருந்தே அங்கே போகிற வேலைதான்.

காரில் ஏறுமுன் அப்பா எனக்குப் பத்துக் கட்டளை சொன்னார். முழங்கையை மேசையில் வைக்காதே, கேட்டால் மட்டும் பேசு, ஆட்டிறைச்சி வேண்டாம் என்று முகத்தைச் சுளிக்காதே. இப்படியே போனது. எதைத் தொடலாம், எதை ஊதலாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

ஊதுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மாவுக்கு இருபது வயதாக இருந்தபோது, அவரது தங்கச் சங்கிலியைத் திருத்தக் கொடுத்த இடத்தில் நகை செய்யும் பத்தர் அதில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மட்டமான வேறு துண்டை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். அம்மா அதைக் கண்டார். ஆனால் பத்தர் அவர் தகப்பனாரின் சினேகிதர், எனவே வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த நகையைக் கையில் எடுத்தாலும் யன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடிப்பார். வாயைத் திறந்து ஒரு சூடான மூச்சை விடுவார். மூச்சுப் பட்ட இடம் மங்கித் தெளிகிற அந்த ஒரு கணத்தில் அராவிய இடம், ஒட்டிய இடம், புதிதாய் வெட்டிய இடம் எல்லாம் தனியாகத் தெரியும். பிறகு நகத்தை ஓட்டிப் பார்ப்பார். மெல்பேர்னில் அப்போதிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் நகை வாங்கினால் அம்மாவிடம்தான் கொண்டு வருவார்கள். அந்த அன்ரிமார் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அன்றைக்குப் பேசாமல் விட்டதுதான் என்ரை பிழை என்று அம்மா சங்கிலிக் கதையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிப்பார். பார்த்துப் பார்த்து நானும் ஊதப் பழகியிருந்தேன். கரண்டி, கதவுப் பிடி, பள்ளிக்கூடத்துப் பதக்கம் ஒன்றையும் விட்டதில்லை.

மேலதிகாரியின் வீடு புதுச் செங்கல் வீடு. அவர் வாசலில் நின்று அப்பாவை "சாம்" என்று கூப்பிட்டு முதுகில் தட்டினார். அப்பாவின் பெயரில் அந்த ஓசை எங்குமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெயர் நீளம் என்று சொல்லி இதை வைத்துவிட்டாராம். அப்பாவும் சிரித்துக்கொண்டே சாமாகிவிட்டார். அம்மா கொண்டுபோன பயத்தம் பணியாரத்தை மேலதிகாரியின் மனைவி இரண்டு கையாலும் வாங்கி, மிக மரியாதையாக, அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார். நாங்கள் வெளியே வரும்வரை அது அங்கேயே இருந்தது.

சாப்பாட்டுக்கு இன்னொருவரும் வந்திருந்தார். மேலதிகாரியின் நண்பர், ஒல்லியானவர், பழைய துவக்குகள், அதாவது துப்பாக்கிகள், சேர்க்கிறவர். அவரை ஏன் கூப்பிட்டார் என்பது சாப்பாட்டுக்குப் பிறகு தெரிந்தது. மேசையைத் துடைத்து, பச்சைக் கம்பளி விரித்து, அதன் மேல் மேலதிகாரி ஒரு துவக்கைக் கொண்டுவந்து வைத்தார். ஜேர்மன்காரனின் யுத்தகாலத் துவக்கு. தன் அண்ணன் வட ஆபிரிக்காவில் சண்டை பிடித்தபோது எடுத்து வந்தது என்றார். அண்ணன் இப்போது இல்லை. இப்போது எனக்கு இதுதான் அவன் என்று சொல்லி, துவக்கின் மரக்கட்டையைத் தடவினார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

பிறகு அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். இந்த வகைத் துவக்கின் மதிப்பே எண்ணில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்தபோது உடலில் என்ன எண் அடித்தார்களோ அதே எண்ணை ஒவ்வொரு பாகத்திலும் அடிப்பார்களாம். சின்ன ஆணியில் கூடக் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். சண்டையில் பாகங்கள் கலந்து போய்விடும். எல்லா எண்ணும் பொருந்துகிற துவக்கு அருமையிலும் அருமை. அப்பா இதையெல்லாம் அம்மாவுக்கு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பொருத்தம் பாக்கினமோ?" என்றார் அம்மா. "பத்துப் பொருத்தமும் இருக்காமோ?"

அப்பா சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பெல்லாம் கையொப்பத்துக்குப் பிறகுதான்.

நண்பர் கண்ணில் ஒரு சின்ன உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். உடலில் 2947. குழாயில் 2947. அடித்தட்டில், வளையங்களில், ஆணியில் 47. சின்னஞ்சிறு கழுகு முத்திரைகளையும் எண்ணினார். அசல்தான் என்று தலையாட்டினார். மேலதிகாரி அப்படியே மலர்ந்து போனார். அந்த மலர்ச்சியில் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு, துவக்கின் பின்பக்கத்திலிருந்து குண்டை உள்ளே தள்ளும் உருக்குத் தண்டைக் கழற்றி என் கையில் வைத்தார். போல்ட் என்பார்கள் அதை. கனமாக, குளிர்ந்து போய் இருந்தது. அதன் கைப்பிடி அடியிலும் 2947 என்று இருந்தது.

எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 4 எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் 4 தலை மூடியிருந்தது. இதில் தலை திறந்திருந்தது. வேறு யாரோ எழுதிய 4. நான் யன்னல் பக்கம் திரும்பி அதைச் சரித்துப் பிடித்து, வாயைத் திறந்து ஊதினேன். உருக்கு மங்கியது. மங்கல் விலகுகிற நேரத்தில் 47க்கு அடியிலிருந்து மெல்லிய நிழலாய் ஒரு 8 எழுந்து வந்தது. நகத்தை ஓட்டினேன். அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது.

கேட்டால் மட்டும் பேசு என்பது கட்டளை. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், இதில் முன்பு வேறு எண் இருந்திருக்கிறது, யாரோ அராவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று. சொன்னதும் எனக்கு ஒரே பெருமை. அசலா என்று பார்க்கத்தானே எல்லோரும் கூடியிருக்கிறார்கள்? பார்த்துச் சொன்னது நான்தானே? மேலதிகாரி மகிழ்ந்துபோய் இரண்டு கையொப்பம் போடுவார் என்றுகூட நினைத்தேன்.

யாரும் மகிழவில்லை. மேலதிகாரியின் கழுத்து சிவந்தது. பிள்ளைக்கு நல்ல கற்பனை என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா என் தோளைப் பிடித்து, மன்னிப்புக் கேள் என்றார். முடியாது என்றேன். இன்னொரு முறை கேட்கச் சொன்னார். அப்பாவின் குரல் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. இருப்பதை இருக்கிறது என்று சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? போல்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மேலதிகாரி அம்மாவிடம் திரும்பினார். அதுவரை அவர் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சின்னப் பிள்ளை, ஏதோ கண்டதாக நினைக்கிறாள், அப்படித்தானே என்று கேட்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பியிருப்போம்.

அம்மா என்னிடம் கையை நீட்டினார். நான் போல்ட்டைக் கொடுத்தேன். அவர் யன்னலடிக்குப் போனார். அப்பா பின்னாலேயே போய், தணிந்த குரலில், அங்கே எங்களைத் தவிர யாருக்கும் விளங்காத தமிழில், யோசித்துப் பேசும்படி சொன்னார்.

"இஞ்சேரும். தம்பியை நினைச்சுக்கொண்டு கதையும்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சரித்துப் பிடித்தார். ஊதினார். நகத்தை ஓட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கேயே நின்றார். பிறகு மேசைக்கு வந்து, போல்ட்டைப் பச்சைக் கம்பளியின் மேல் துவக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிதானமான ஆங்கிலத்தில், என் மகள் சொல்வது சரி, இது மாற்றி அடித்த எண் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகள் மன்னிப்புக் கேட்க மாட்டாள் என்றும் சொன்னார்.

நண்பர் உருப்பெருக்கியை மறுபடி எடுத்தார். அவரும் யன்னலடிக்குப் போனார். போன மனிதர் கொஞ்சம் வெட்கப்பட்டு எங்களைப் பார்த்துவிட்டு, தானும் ஊதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் பார்த்தார். இவர்கள் சொல்வது சரி, நான் கவனிக்கவில்லை என்றார். மேலதிகாரி துவக்கைக் கம்பளியில் சுற்றத் தொடங்கினார். அந்த எண்ணை அடித்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணன்காரனாகவும் இருக்கலாம், விற்ற எவனாகவும் இருக்கலாம், அண்ணன் என்று ஒருவர் இல்லாமலே கூட இருக்கலாம். அராவிவிட்டுப் புதுப் பெயர் அடிப்பதில் மேலதிகாரி கை தேர்ந்தவர் என்பது மட்டும் அப்பாவைப் பார்த்தாலே தெரியும்.

தேத்தண்ணி வந்தது. கையொப்பம் வரவில்லை. அப்பா இரண்டு முறை கோட்டின் உட்பைக்குள் கையை விட்டார், இரண்டு முறையும் வெறுங்கையை வெளியே எடுத்தார். வாசலில் மேலதிகாரி, அந்தக் கடிதத்தைப் பற்றி வேலையில் பேசலாம் என்றார். வேலையில் அவர் பேசவேயில்லை. அடுத்த வருடம் மாமா மத்திய கிழக்குக்குப் போனார், அங்கிருந்து கனடாவுக்கு. கனடாவில் அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் அக்காவும் தம்பியும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் நேரில் கண்டது வாழ்நாளில் இரண்டே முறை. அம்மா ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சங்கிலிக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மாலை வீட்டுக்குத் திரும்பினோம். யூலை மாதம், அங்கே குளிர்காலம், காருக்குள் வெப்பமூட்டி வேலை செய்யாது. அப்பா ஓட்டினார். பின் இருக்கையில் நான் வென்றுவிட்ட பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா முன் இருக்கையில் யன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.

"என்னம்மா, கண்ணாடியும் கள்ளமோ?" என்று கேட்டேன்.

ஒரு சந்தி கடந்து போனது.

"இல்லைப் பிள்ளை," என்றார், திரும்பாமலே. "இது நல்ல கண்ணாடிதான்."

எனக்குத் திருப்தியாகிவிட்டது. நானும் என் பக்கத்துக் கண்ணாடியை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டேன். அம்மாவின் பக்கத்துக் கண்ணாடி வீடு வரும்வரை மங்கியே இருந்தது. எதையும் ஊதிப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு நேரம் எடுத்ததில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.