தையலுக்கு விட்ட ஐந்து மதிப்பெண்

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. அவிநாசியில் எங்கள் வீடு. வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன், மாடியில் இருக்கும் செடிகளுக்கு ஊற்றினேன். சிலிண்டர் மாற்றியதால் காலண்டரில் தேதியைக் குறித்தேன். இட்லி சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து ஸ்கேல், காம்பஸ், பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அன்று என் மனைவிக்கு மாதிரித் தேர்வு.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அங்கே சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. அவளுக்கே தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். பள்ளியில் அவள் தவறியது கணக்கில் மட்டும்தான். அதை எழுதித் தேறத் தனித்தேர்வராக விண்ணப்பித்திருந்தோம். தேவை நூற்றுக்கு முப்பத்தைந்து.

நான் பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எதையும் முதல் அலமாரியிலிருந்து அடுக்கியே பழக்கம். கணக்குப் புத்தகத்தின் எட்டுப் பாடங்களுக்கும் நான்கு வண்ணத்தில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். இலக்கு எழுபது. அதைப் பார்த்ததுமே அவள் கேட்டாள்.

"ஏனுங்க, ரெண்டு பேருக்கு ஒல வெக்கச் சொன்னா கல்யாணத்துக்குச் சமைப்பீங்களா? எனக்கு முப்பத்தஞ்சு போதுமுங்க."

"முப்பத்தஞ்சுக்குப் படிச்சா இருபத்தெட்டுத்தான் வரும், அம்மணி."

சரவணம்பட்டியில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் அன்று வீட்டில் இருந்தாள். "முதல்ல எழுதட்டும், அப்புறம் சண்டை போடுங்க" என்று ஒரு பழைய வினாத்தாளை நீட்டினாள்.

மனைவி தாளை வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வரையும் கணக்கு ஒன்று, கிராஃப் தாளில் வரைபடம் ஒன்று, தலா எட்டு மதிப்பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் கேள்வியிலிருந்து தொடங்கச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. வட்டம் போட்டு, காம்பஸைத் திருப்பித் திருப்பி வில் வெட்டி, வெளியே இருந்த புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளை அழகாக இழுத்தாள். நான் அசந்துபோனேன். அந்தத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, வரைபடத்துக்குப் போனாள்.

என்னிடம் வந்த வட்டப் படம் அருமை. ஆனால் அதைச் சுற்றி அரைகுறை வில்களும் புள்ளிக்கோடுகளும் இறைந்து கிடந்தன. திருத்துகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று ரப்பரை எடுத்துப் பக்குவமாகத் துடைத்தேன். வட்டமும் தொடுகோடுகளும் மட்டும் பளிச்சென்று நின்றன.

காபியோடு வந்த மகள் வீல் என்று கத்தினாள்.

"அப்பா! அம்மாவோட மார்க்கை அழிச்சுப்போட்டீங்களே! அந்த வில்லுக்கெல்லாம்தான் மார்க்கு!"

எப்படி வரைந்தோம் என்பதற்கு அந்தக் கோடுகள்தான் சாட்சியாம். எனக்குத் தெரியாது. மனைவி தாளைப் பார்த்தாள், என் கையில் இருந்த ரப்பரைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள்.

மதியம் மகள் திருத்தினாள். நாங்கள் இருவரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சரிக்குறிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மொத்தம் முப்பத்திரண்டு. நான் அழித்ததற்காகக் குறைத்தது மூன்று.

"அப்ப முப்பத்தஞ்சு! பாஸ்!" என்று குதித்தேன்.

"அழிஞ்சதைச் சேர்க்காதே கண்ணு. முப்பத்திரண்டுன்னே போடு" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகம் மின்னியது. எட்டிவிடும் தூரம் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. சுவரில் இருந்த என் அட்டவணையைப் பிரித்தெடுத்து, பின்பக்கம் திருப்பி, பெரிதாக நாற்பது என்று எழுதினாள்.

"முப்பத்தஞ்சு போதும்னியே?"

"துணி வெட்டறப்போ தையலுக்கு ஓரம் உடறதில்லீங்களா? அளவுக்கே வெட்டுனா சட்டை இறுக்கிப் புடிக்கும். அஞ்சு மார்க்கு ஓரம்."

எழுபதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடந்த சண்டை அங்கேயே தீர்ந்தது. வரையும் கணக்கும் வரைபடமும் தினமும். புத்தகத்தில் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகள் அத்தனையும். கூம்பு, உருளைச் சூத்திரங்கள். முக்கோணவியலை மூவரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தோம். ஒரு திட்டம் போடுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று, வாழ்நாள் முழுக்கத் திட்டம் போட்டவனான எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மே மாதம் முடிவு வந்தது. நாற்பத்தொன்று. இப்போது அவள்தான் சூப்பர்வைசர். ஆனாலும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். ஒருவர் தட்டுத்தடுமாறி வந்த வழியின் அடையாளங்களைச் சுத்தம் என்ற பெயரில் துடைக்க இனி என் கை எழாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்த ரப்பரை எடுத்து அவளிடம் ஒப்படைத்தேன். அவள் அதை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.