கட்டார் பாஸ் முத்தலிப்

கட்டாரில் ஒன்பது வருடம் பெரிய கராஜொன்றில் வேலை செய்தவர் என்று காத்தான்குடியில் முத்தலிப்புக்கு நல்ல மதிப்பு; மெக்கானிக்கைக் கூப்பிடுவதுபோல் 'கட்டார் பாஸ்' என்றே கூப்பிடுவார்கள். அது பொய்யில்லை. கராஜில்தான் வேலை செய்தார், தேத்தண்ணி போடும் வேலை. அந்தச் சின்ன விபரத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊர் திரும்பி உரக்கடையொன்றில் வேலைக்கு நிற்கத் தொடங்கிய பிறகும், வீதியில் கார் போனால் காதைக் கொடுத்துக் கேட்டு, "டியூனிங் சரியில்ல" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி கைறுன்னிஸாவின் தம்பி ரிஸ்கான் தன் பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டான். ஓட்டமாவடியிலிருந்து வரும்போது எஞ்சின் கொதித்து வெள்ளைப் புகை கக்கியிருந்தது.

"எஞ்சின் ஹெட்டக் கழட்டணுமாம் மச்சான். நீங்க இருக்கக்குள்ள ஏன் கண்டவனிட்டக் குடுப்பான்?"

சாவியைக் கையில் திணித்துவிட்டு அவன் போனான். முத்தலிப் பொனட்டைத் திறந்தார். பத்து நிமிடம் பார்த்தார். மூடினார். உள்ளே போனார்.

"புள்ள, ஒரு விசயம் சொல்லணும்."

தையல் மெசினிலிருந்து கைறுன்னிஸா தலையைத் தூக்கவில்லை. "தேத்தண்ணி ஊத்தின கதைதானே? அனுப்பின போட்டோ எல்லாத்திலயும் நீங்க போட்டிருந்த சேட்டு ஒரு கறையில்லாம வெள்ள வெளேரெண்டு இருந்திச்சி. எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு."

அவள் எழுந்து போனை எடுத்து, ஹெட் கழற்றும் வீடியோவைத் தேடினாள்.

"பிரிக்கக்குள்ளயே எது எங்க இருந்ததெண்டு குறிச்சி வெச்சிக்கிட்டா, மறுகா பூட்டுறது லேசி. நான் பிரிச்சித் தைக்கிற அபாயாவும் அப்பிடித்தான்."

அவர் உடுத்திக் கழித்த பழைய சாரனை மணலில் விரித்தாள். தண்ணீரை வடித்தார்கள், பற்றரி வயரைக் கழற்றினார்கள். பெல்ட் இருந்த இடத்தில் மகளின் நகப்பூச்சால் அவள் புள்ளி வைத்தாள். கடதாசி அட்டையில் பத்து ஓட்டை குத்தி, கழன்ற ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி செருகினாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக அவர் தளர்த்தினார். பத்தும் வந்தன. ஹெட் வரவில்லை. முத்தலிப் ஸ்குரூ டிரைவரால் நெம்பப் போனார். அவள் கையைப் பிடித்தாள்.

"கீறிடும்! வீடியோவில மரக்கட்டையால தட்டச் சொல்றான்."

தட்டினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஹெட் அசைந்தது. இருவருமாகத் தூக்கினார்கள். அதன் அடியில் இருந்த கஸ்கட் தகடு இரண்டு சிலிண்டருக்கு நடுவே எரிந்து கருகியிருந்தது. ஒன்பது வருடக் கராஜ் வாழ்க்கையில் காணாத சந்தோசம் முத்தலிப்புக்கு அப்போதுதான் வந்தது.

லேத் பட்டறையில் கொடுத்து ஹெட்டை மட்டமாக்கி, புதுக் கஸ்கட் வைத்துப் பூட்ட நாலு நாளானது. கார் கல்லடிப் பாலம் வரை போய்க் கொதிக்காமல் திரும்பியது. அந்தத் துணிச்சலில் முத்தலிப் மைத்துனனிடம் உண்மையை அவிழ்த்தார்.

"ரிஸ்கான், நான் கட்டாரில மெக்கானிக் இல்ல. தேத்தண்ணிதான் போட்டன்."

ரிஸ்கான் விழுந்து விழுந்து சிரித்தான். "வேல தெரிஞ்சவன் இப்பிடித்தான் மச்சான், பெரும பேசமாட்டான்."

அவருடைய அடக்கத்தையும் சேர்த்து அவன் ஊரெல்லாம் பரப்பினான். அடுத்த கிழமை வாசலில் இரண்டு கார், ஒரு ஓட்டோ. ஏறாவூரிலிருந்து அசனார் என்ற டிரைவர் லொறியோடு வந்தார். முத்தலிப் அவரிடமும் சத்தியம் பண்ணாத குறையாக நடந்ததைச் சொன்னார்.

"அவசரமில்ல பாஸ், ஆறுதலாப் பாருங்க," என்றார் அசனார்.

உள்ளேயிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது: "லொறி வேல இப்ப நாம எடுக்கிறல்ல எண்டு சொல்லுங்க!"