இவங்களுக்கு என்ன செய்யுது?

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைக் கேட்காதவர்கள் ஒருவர்கூட இல்லை. "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் அவள் சொன்னால் போதும், வாழைப்பழத்தைப் பாதி உரித்தவர் உரித்தபடியே ஓடுவார். பத்தொன்பது வருடம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரையே ஓடவைத்தவள். மைக்கக்கா என்ற பட்டம் பெயரைத் தின்றுவிட்டது. அண்ணன் பிள்ளைகளுக்கும் அவள் மைக்கத்தைதான்.

ஒரு மழைநாளில் படியில் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. அழவேண்டிய மட்டும் அழுதாள், திட்டவேண்டிய மட்டும் திட்டினாள், அப்புறம் சக்கர நாற்காலியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். போனது கால்தான், வாய் அப்படியே இருந்தது.

வேலை காத்திருந்தது. மேலாளர் சொல்லியனுப்பினார்: "டாக்டர்கிட்ட தகுதிச் சான்று வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால நிறுத்திவைக்க முடியும். அதுக்கு மேல கம்ப்யூட்டர் குரலைப் போட்டுருவாங்க." அந்தக் கம்ப்யூட்டர் குரலை அவள் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். ஊர்ப் பெயர்களையெல்லாம் கடித்துத் துப்பியது. அதனிடமா தோற்பது?

ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் தள்ளிக்கொண்டு போவார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மனசு வெண்ணெய், வாய்தான் முந்திரிக்கொட்டை. எலும்பு டாக்டரும் சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனிதர். ஆனால் உள்ளே போனதும் அவர் கண் நாற்காலிக்கு மேலே ஏறி அண்ணன் முகத்தில் நின்றுவிடும்.

"இவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல டாக்டர்."

"இவங்க வேலைக்குப் போகணும்னு நினைக்கிறாங்களா?"

"நினைக்கிறா டாக்டர். ஆனா எதுக்கு? நாங்கல்லாம் இல்லையா? வீட்ல நிம்மதியா இருக்கட்டுமே."

"அதுவும் சரிதான். ஆறு மாசம் போகட்டும்."

"டாக்டர், நான்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்து அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். இரண்டு தடவையும் இதே கதை. ஊரை ஓடவைத்த குரல் ஒரு மேசையைத் தாண்டவில்லை.

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்காலில இருக்கறது நீயா, நானா?"

"உனக்குச் சிரமம் வேணாம்னுதானே..."

"சிரமத்தையெல்லாம் நீயே பட்டுட்டியே, கால் வலிக்குமே. வா, நீ உக்காரு, நான் தள்றேன்."

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

"அக்கா, டாக்டருங்களுக்கு ஒரு கண்ணாடி மாட்டப்போறோம். பெட்டி மாதிரி, கண்ணை முழுசா மூடிக்கும். மாட்டினா, இந்த நாற்காலில இருக்கற உங்களைச் சுத்தி என்ன நடக்குதோ, அதுக்குள்ள அவங்களே உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அதுக்குப் படம் எடுக்கணும். உங்க கண்ணு உயரத்துல கேமரா வைக்கலாமா?"

"என்னென்ன எடுப்பீங்க?"

"படி, லிப்ட் பட்டன், சீட்டு குடுக்கற ஜன்னல், பாத்ரூம் கதவு..."

"எல்லாம் சரிம்மா, டாக்டர் ரூமை விட்டுட்டியே. அங்கதான் முதல் எழுத்தே புரண்டுபோச்சு. 'உங்களுக்கு'ன்னு வரவேண்டிய இடத்துல 'இவங்களுக்கு'ன்னு வருது."

"அதை எப்படிக்கா படம் எடுக்கறது?"

"நீ கேமராவை வை. மத்ததை எங்கண்ணன் பாத்துக்குவாரு."

எக்ஸ்ரே எடுப்பவர் வெள்ளை அங்கி போட்டு டாக்டராக நடித்தார். "எப்பவும் போல இருங்க" என்று பிசியோ பெண் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "நான் வாயே திறக்கமாட்டேனே, அவதான் பேசுவா." அப்படிச் சொன்ன மனிதர், கேள்வி விழ விழப் பதில் சொன்னார். தங்கச்சிக்குத் தூக்கம் எத்தனை மணி நேரம் என்பதுவரை சொன்னார். முடிந்ததும் கண்ணாடியை அவருக்கே முதலில் மாட்டினார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, யாருய்யா இந்த ஆளு? வாயை மூடவே மாட்டேங்கறான்?"

"நீதாண்ணா."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது டாக்டர்களுக்குப் படம் போட்டார்கள். நல்ல வெளிச்சமான கூடம். ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மைக்கக்காவும் அண்ணனும் எதிரிலேயே இருந்தார்கள். எலும்பு டாக்டர் முறை வந்தது.

"அடடே, எல்லாரோட வயிறும் பெல்ட்டும்தான் தெரியுது!" கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

படம் டாக்டர் அறைக்குள் போனது. "இவங்களுக்கு என்ன செய்யுது?" என்று வெள்ளை அங்கி கேட்க, நாற்காலியில் இருந்த டாக்டர் தலையைத் தூக்கி மேலே யாரையோ தேடினார். "இவங்க நல்லா சாப்பிடறாங்களா?" அவர் உதடு அசைந்தது. "இவங்களுக்குத் தூக்கம் வருதா?"

"யோவ், என்கிட்ட கேளுய்யா! நான் இங்கதானே இருக்கேன்!"

படத்துக்குக் காது ஏது? அது பாட்டுக்கு அண்ணனிடம் அடுத்த கேள்வியைக் கேட்டது. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே மைக்கக்கா. இருவர் கண்ணும் ஒரே உயரத்தில்.

"நான்... இப்படியாம்மா கேட்டேன்?"

"எழுத்துப் பிசகாம இப்படித்தான் டாக்டர்."

காதுவரை சிவந்துவிட்டார். எழுந்து வரவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டே, மேசைக் காலில் ஒரு இடி இடித்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

அந்த 'உ'வை அவள் ஒரு மிடறு தண்ணீர் போல விழுங்கிக்கொண்டாள்.

"வேலைக்குப் போகணும் டாக்டர். தகுதிச் சான்று வேணும்."

"நாள் பூரா முடியுமா?"

"அது உக்காந்து பாக்கற வேலை டாக்டர். கால் நல்லா இருந்த பத்தொன்பது வருஷமும் உக்காந்துதான் பாத்தேன்!"

டாக்டர் வாயைப் பிளந்தார். "இதை யாரும் என்கிட்ட சொல்லலையே!"

"அது வந்து டாக்டர்..." என்றார் அண்ணன், பின்னாலிருந்து.

"உங்களைக் கேக்கல!" "உன்னைக் கேக்கல!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

மறுநாள் அவர் முறையாகச் சோதித்தார். எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது, முதுகில் புண் வருமா, எந்த மெத்தை வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவளிடமே கேட்டார். கூண்டுக்கு ஏற ஒரு சரிவுப் பாதை வேண்டும் என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதம் முடிய மூன்று நாள் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டர் குரல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

முதல் நாள் காலை கூட்டம் நெரிந்தது. கூண்டின் ஜன்னலில் அண்ணன் பெயின்ட் வாளியோடு வந்து நின்றார், பல்லெல்லாம் தெரிய.

"தங்கச்சி, எட்டு மணி வண்டி போயிடுச்சா?"

மைக்கக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்:

"இவருக்கு எந்த வண்டி வேணுமாம்?"

மைக் திறந்திருந்தது. நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, அந்த ஆள் திருதிருவென விழிக்க, அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பு தாங்காமல், எட்டு மணி வண்டிக்கு ஓடினார்.